மெருகு வேறு, மூச்சுமுட்டல் வேறு

வாசகர் கேள்வி:

அண்ணா, நாங்கள் திருகோணமலையில் உவர்மலையிலும் உப்புவெளியிலும் இருக்கிற ஐந்து பேர். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே மெட்டாலிக்கா என்ற அமெரிக்க ரொக் குழு என்றால் உயிர். இரண்டு வருடமாகச் சொந்தமாகத் தமிழில் ரொக் பாட்டுகள் கட்டுகிறோம். பதினான்கு பாட்டுச் சேர்ந்துவிட்டது, அல்பமாகப் போட நினைக்கிறோம். ஆனால் எங்களுக்குள் இரண்டு கட்சி. 1991இல் வந்த கறுப்பு அட்டை அல்பத்தோடு அந்தக் குழு கெட்டுப்போய்விட்டது, அதற்குப் பிறகு வந்ததெல்லாம் ஓவர் புரொடக்‌ஷன் என்பது என் கட்சி. பழைய அல்பங்களில் ஒன்றுமே ஒழுங்காகக் கேட்காது, 91இல்தான் சத்தம் என்று ஒன்று வந்தது என்கிறான் கீபோர்ட் வாசிக்கும் நண்பன். ஒருநாள் டச் பே கடற்கரையில் இருந்து இதையே நடுச்சாமம் வரை கதைத்தோம். கடைசியில் அவன் எழும்பிப் போய்விட்டான். மூன்று கிழமையாக என்னோடு கதையில்லை. இப்போது எங்கள் பாட்டுகளிலும் அதே பிரச்சினை. எல்லாப் பாட்டிலும் வயலின் கூட்டம், கோரஸ் குரல் எல்லாம் வேண்டும் என்கிறான் அவன். இரண்டு கிற்றார், பேஸ், டிரம்ஸ், குரல் போதும் என்கிறேன் நான். யார் சரி? பதினான்கில் எதைப் போட, எதை விட?

ஒலிப்பதிவாளரின் பதில்:

தம்பி, கறி சரியில்லை என்று நீங்கள் சொன்னால் சமைத்தவர் என்ன கேட்பார்? உப்புக் கூடிவிட்டதா, உறைப்புக் கூடிவிட்டதா, இறைச்சி வேகவில்லையா என்று கேட்பார். 'ஓவர் புரொடக்‌ஷன்' என்று நீங்கள் சொல்லும்போது நானும் அப்படித்தான் கேட்கவேண்டியிருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. பாட்டுக்குள் வாத்தியங்களை அடுக்கிக்கொண்டே போவது ஒன்று. வாசித்ததை வெட்டி ஒட்டி, தாளத்தையும் சுருதியையும் கணினியில் நேராக்குவது இன்னொன்று. கடைசியில் மாஸ்டரிங் என்ற கட்டத்தில் முழுப் பாட்டையும் பிடித்து நசுக்கிச் சத்தத்தை ஏற்றுவது மூன்றாவது. இந்த மூன்றையும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு நாட்களில் செய்கிறார்கள். எந்த அல்பத்தில் எந்தக் கை கெடுத்தது என்று காட்டாமல் சண்டை பிடித்தால் நடுச்சாமம் இல்லை, விடிந்தாலும் முடியாது.

நீங்கள் பிடித்துக்கொண்டது மெட்டாலிக்காவை என்பது நல்லதாய்ப் போயிற்று. ஒலிப்பதிவில் நடக்கக்கூடிய தவறுகளில் பலதும் அந்த ஒரு குழுவின் அல்பங்களிலேயே வரிசையாகக் கிடக்கின்றன.

உங்கள் நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிற இடத்திலிருந்து தொடங்குகிறேன். 1988இல் வந்த அல்பத்தை எடுங்கள். முந்திய பேஸ்காரர் கிளிஃப் பேர்ட்டன் 1986இல் சுவீடனில் பஸ் விபத்தில் இறந்த பிறகு, ஜேசன் நியூஸ்டெட் பேஸ் வாசித்த முதல் முழு அல்பம் அது. நல்ல ஹெட்போன் போட்டுத் தேடினாலும் அந்தப் பேஸைப் பிடிப்பது பெரும்பாடு. கிற்றாரும் டிரம்ஸும் காய்ந்த விறகு மாதிரி மொறுமொறுவென்று நிற்கும், கீழே நிலம் இருக்காது. 2018இல் அதைப் புதிதாக மாஸ்டரிங் செய்து வெளியிட்டபோதும் பேஸை ஏற்றவில்லை. மாஸ்டரிங் என்பது கலந்து முடித்த பாட்டின் மேல் செய்யும் வேலை. வாத்தியங்களை அளவு பார்த்துக் கலக்கும் மிக்சிங்கில் புதைத்ததைத் தோண்டி எடுக்க மறுபடி மிக்சிங்தான் செய்யவேண்டும், அதை அவர்கள் விரும்பவில்லை. அந்த அல்பத்தின் பாட்டுகள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் 'அப்போதெல்லாம் சத்தம் சுத்தமாக இருந்தது' என்று அதைக் காட்டிச் சொல்ல என் வாய் வராது.

இனி 91. இங்கே நீங்கள் பிழை, தம்பி. பொப் றொக் என்ற தயாரிப்பாளர் வந்து சேர்ந்தது அந்த அல்பத்தில்தான். மூன்று தரம் மிக்சிங் செய்தார்கள், பத்து லட்சம் டொலர் வரை செலவானது. அதெல்லாம் சரி. ஆனால் அதற்கு முன்னைய அல்பங்களில் ஒவ்வொருவராகத் தனித்தனியே வாசித்துத்தான் அதிகம் பதிந்தார்கள். நால்வரும் ஒரே அறையில் ஒருவரையொருவர் பார்த்து வாசிக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் நீங்கள் குற்றம் சொல்கிற அந்தப் பொப் றொக். 'ஸ்டூடியோ மெருகு' என்று நீங்கள் ஒதுக்கும் அல்பத்தில்தான் நான்கு பேர் சேர்ந்து மூச்சு விடுகிற அந்த அசைவு இருக்கிறது. பாட்டுகள் மெதுவாகிவிட்டன, எளிமையாகிவிட்டன, உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அது நியாயமான குறை. ஆனால் அது பாட்டுக் கட்டியதில் உள்ள குறை, பதிவில் உள்ள குறை இல்லை.

2003 அல்பத்தில் நீங்கள் இருவரும் ஒரே பக்கம் நிற்பீர்கள் என்று நினைக்கிறேன். ஸ்னேர் டிரம்மின் அடித்தோலில் மெல்லிய கம்பிச் சுருள்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும், பக்கத்தில் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். அதை மேலே தள்ளினால் கம்பி தோலில் இறுகும், அடிக்கிற அடி 'சட்' என்று வெடிக்கும். கீழே தள்ளினால் கம்பி தளர்ந்து, வெறும் வாளியில் தட்டினது போல 'டொங்' என்று இழுக்கும். அந்த அல்பம் முழுக்க நெம்புகோல் கீழேதான். கிற்றார் சோலோ ஒன்றுகூட இல்லை. மெருகு கூடியதால் அல்ல, மெருகே வேண்டாம் என்று வீம்பாக நின்றதால் ரசிகர்களைப் பிரித்த அல்பம் அது. 'ஒன்றும் சேர்க்காதே' என்கிற உங்கள் கட்சி இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். சேர்க்காமல் விடுவதும் ஒரு தெரிவுதான், அதுவும் பிழைக்கலாம்.

2008க்கு வருவோம். இங்கே நீங்கள் முழுச் சரி. அந்த அல்பம் வெளியான அதே நாட்களில் ஒரு கிற்றார் வீடியோ கேமுக்காகவும் அதே பாட்டுகள் கொடுக்கப்பட்டன. கேமில் கேட்ட ரசிகர்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள்: கேமில் டிரம்ஸ் முழங்குகிறது, காசு கொடுத்து வாங்கிய சிடியில் அதே டிரம்ஸ் கரகரக்கிறது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்ப மிக்சிங் செய்து தாருங்கள் என்று கையெழுத்துப் போட்டார்கள். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், தன் கைக்கு வரும்போதே அது நசுங்கித்தான் வந்தது என்று சொன்னார். மூன்றாவது கை என்று நான் சொன்னேனே, இதில் அதற்கும் முந்திய கை, மிக்சிங் செய்த கை. பாட்டு நல்ல பாட்டு, வாசிப்பு நல்ல வாசிப்பு. இருந்தும் கால் மணித்தியாலம் கேட்டால் காது களைத்துப்போகிறது.

ஏன் களைக்கிறது என்பதை விளக்கமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நாளைக்கு உங்கள் அல்பத்துக்கும் இதே ஆபத்து வரும். கம்ப்ரசர் என்பது வால்யூம் குமிழில் கை வைத்திருக்கிற ஒரு ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் கூடும்போது அவர் குறைக்கிறார். அளவாகச் செய்தால் குரல் பாட்டுக்குள் உட்காரும், பேஸ் ஒழுங்காக நடக்கும். அளவு மீறினால் பெரிய அடியும் சின்ன அடியும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். பிறகு, ஒரு அளவுக்கு மேல் சத்தத்தை ஏறவிடாத லிமிட்டரைப் போட்டு எல்லாவற்றையும் சேர்த்து மேலே தூக்குவார்கள். டிஜிட்டலில் உச்சிக்கு மேலே இடமில்லை, அதனால் தலைகள் வெட்டுப்படும். பழைய அல்பத்தின் ஒரு பாட்டைக் கணினியில் திறந்து பாருங்கள், ஒலியின் வடிவம் பனையோலை விளிம்பு மாதிரிக் கூர்கூராக ஏறி இறங்கும். 2008 அல்பத்தைத் திறந்தால் கத்தரித்துவிட்ட வேலி மாதிரி மட்டமாக நிற்கும். கன்னியா வெந்நீர் ஊற்றில் ஏழு கிணறும் ஏழு சூட்டில் இருப்பதால்தான் நாம் ஒன்றிலிருந்து மற்றதற்கு வாளியோடு ஓடுகிறோம். எல்லாம் ஒரே கொதி என்றால் ஒரு வாளியோடு ஈரத்தலையாக வீட்டுக்கு வந்துவிடுவோம்.

கனடாவின் ரஷ் குழுவுக்கும் இது நடந்தது. 2002இல் வந்த அவர்களுடைய அல்பம் சத்தம் கூடிக் கரகரத்தது. அவர்கள் அதை அப்படியே விட்டுவிடவில்லை, 2013இல் முழு அல்பத்தையும் திரும்ப மிக்சிங் செய்து வெளியிட்டார்கள். பாட்டு மாறவில்லை, வாசிப்பு மாறவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் மெருகுக்கும் மூச்சுமுட்டலுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

ஆனால் கேட்கும் முறை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் எவரும் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். மனிதக் காது கொஞ்சம் சத்தம் கூடியதை 'நல்லது' என்று நினைக்கும். இருபத்தைந்து வருடமாக இந்த வேலை செய்கிற என் காதும் அப்படித்தான். ஸ்டூடியோவில் ஒருவருக்கு ஒரே பாட்டை இரண்டு தரம் போட்டு, இரண்டாவதை மட்டும் ஒரு பொடி ஏற்றிப் பாருங்கள். 'இதுதான் அண்ணா, இது நல்லாத் திறந்து கேட்குது' என்பார். ஒன்றுமே மாற்றியிருக்க மாட்டீர்கள்.

அதனால் ஐந்து பேரும் ஒரு அறையில் கூடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். 1986 அல்பத்தில் ஒரு பாட்டு, 91இல் ஒன்று, 2008இல் ஒன்று எடுங்கள். ஒருவர் மட்டும் மற்றவர்களுக்குப் பின்னால் வால்யூமோடு இருக்கட்டும். பாடுபவரின் குரல் மூன்றிலும் ஒரே உயரத்தில் கேட்கும்வரை அவர் குறைத்துக் கூட்டிச் சமப்படுத்தட்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஸ்னேரை மட்டும் கேளுங்கள். 2008இன் ஸ்னேர் சுவருக்குப் பின்னால் இருந்து அடிக்கிற மாதிரிப் பின்வாங்கிவிடும். சத்தம் கூட்டிப் போட்டபோது பெரிதாகத் தெரிந்தது சமப்படுத்தியதும் சின்னதாகிவிடும். அந்த நிமிடம் உங்கள் நண்பர் இல்லாமல் நடக்கக்கூடாது. அதைக் காரணமாக வைத்தே அவரைக் கூப்பிடுங்கள்.

அப்படியென்றால் அடுக்கடுக்காகச் சேர்ப்பதே பிழையா? இல்லை. இங்கிலாந்தின் டெஃப் லெப்பர்ட் குழு 1987இல் வெளியிட்ட அல்பத்துக்கு மூன்று வருடத்துக்கு மேல் எடுத்தார்கள். நடுவில் டிரம்ஸ் வாசிக்கும் ரிக் அலன் விபத்தில் ஒரு கையை இழந்தார், குழு அவருக்காகக் காத்திருந்தது. கிற்றாரும் கோரஸும் அடுக்கு அடுக்காக ஏற்றிய அல்பம் அது. பன்னிரண்டு பாட்டில் ஏழு தனிப்பாட்டாக வெளிவந்தன. அதில் ஒரு அடுக்கை உருவினால் பாட்டுச் சரியும், ஏனென்றால் பாட்டையே அந்த அடுக்கை மனதில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மறுபக்கம், பீட்டில்ஸ் 1970இல் வெளியிட்ட கடைசி அல்பத்தில் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் பிறகு வந்து வாத்தியக் கூட்டத்தையும் பெண் குரல்களையும் ஏற்றினார். அந்தக் குழுவின் போல் மக்கார்ட்னி, தன் பாட்டில் அதைச் செய்ததை ஏற்கவே இல்லை. 2003இல் அதெல்லாம் இல்லாத வடிவமும் வந்தது. பாட்டோடு சேர்ந்து பிறந்த அடுக்கும், பாட்டு முடிந்த பிறகு மேலே ஏற்றிய அடுக்கும் ஒன்றல்ல. உங்கள் நண்பர் கேட்கும் வயலின் இதில் எது?

இதை நான் என் கையால் செய்து படித்தவன். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண்பிள்ளை கோணேசர் மேல் ஒரு பாட்டுப் பாட வந்தார். தம்புரா, மிருதங்கம், குரல், அவ்வளவுதான். இரண்டாவது டேக்கிலேயே நன்றாகப் பாடிவிட்டார். அவர் போன பிறகு எனக்கு அது மெலிந்திருப்பதாகப் பட்டது. கீபோர்டில் வயலின் வைத்தேன், புல்லாங்குழல் வைத்தேன், அவருடைய குரலையே இரண்டாக்கி அகலப்படுத்தினேன், பெரிய மண்டபத்தின் எதிரொலி போட்டேன். மூன்று இரவு வேலை. வந்து கேட்ட தகப்பன் முடியும்வரை பேசாமல் இருந்தார். பிறகு, "வடிவாத்தான் இருக்கு தம்பி. எங்கட பிள்ளை எங்க?" என்று கேட்டார். அன்றிரவே ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தேன். மூச்சு எடுக்கிற இடத்தில் அந்தப் பிள்ளையின் குரல் லேசாக நடுங்கும், அந்த நடுக்கம் திரும்பக் கேட்ட இடத்தில் நிறுத்தினேன். தம்புராவும் மிருதங்கமும் குரலும்தான் மிஞ்சியிருந்தன.

அன்றிலிருந்து எந்தப் பாட்டையும் முடிப்பதற்கு முன் நான் செய்கிற ஒரு வேலையை நீங்களும் செய்யுங்கள். ஒரு ட்ராக்கை மியூட் செய்துவிட்டுப் பாட்டை முழுக்கக் கேளுங்கள். எதுவும் குறைந்த மாதிரித் தெரியாவிட்டால் அந்த ட்ராக் போகட்டும். குறைந்தால், எந்த இடத்தில் குறைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள், அந்த இடத்தில் மட்டும் அது வாசிக்கட்டும். உங்கள் நண்பரின் வயலின் பதினான்கு பாட்டிலும் தேவைப்படாது. ஆனால் இரண்டு மூன்று பாட்டில் அவர் சொன்னதுதான் சரி என்று நீங்கள் ஒத்துக்கொள்ளவேண்டி வரும், அதற்கும் ஆயத்தமாக இருங்கள். ஒரு தொழில் விஷயம்: டிஸ்டோர்ஷன் என்ற கரகரப்புப் போட்ட கிற்றாரும் கீபோர்டும் 200 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் மோதிச் சேறாகும். கீபோர்டை ஒரு ஒக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேலே வாசிக்கச் சொல்லுங்கள், இடது கையைச் சும்மா வைத்திருக்கச் சொல்லுங்கள். பாதிச் சண்டை அங்கேயே முடியும்.

இனிப் பாட்டுத் தெரிவு. உங்களிடம் பதினான்கு. 1996இல் மெட்டாலிக்கா வெளியிட்ட அல்பத்திலும் பதினான்கு, ஏறக்குறைய 79 நிமிடம். சிடியில் கொள்ளக்கூடியதே கிட்டத்தட்ட அவ்வளவுதான், அதை விளிம்புவரை நிரப்பிவிட்டார்கள். அடுத்த வருடமே இன்னும் பதின்மூன்று. 1986 அல்பத்தில் எட்டே பாட்டு, 55 நிமிடத்துக்குள். இசைத்தட்டுக் காலத்தில் ஒரு பக்கத்தில் இருபது இருபத்திரண்டு நிமிடம் தாண்டினால் பள்ளம் நெருங்கிச் சத்தம் மெலியும். அந்த நெருக்கடி பாட்டுத் தெரிவுக்குக் காவல் நின்றது. சிடி வந்ததும் காவல் போய்விட்டது, இப்போது அதுவும் இல்லை, இணையத்தில் நூறு பாட்டும் ஏற்றலாம். ஆகவே காவலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எட்டு அல்லது ஒன்பது, நாற்பது நாற்பத்தைந்து நிமிடத்துக்குள். ஒரே சுருதியில், ஒரே வேகத்தில் உள்ள இரண்டு பாட்டிருந்தால் ஒன்று போகட்டும். யாருடைய பாட்டு என்று கணக்குப் பார்த்துப் பங்கு பிரிக்காதீர்கள். ஆளுக்குக் கொஞ்சம் என்று பிரித்த அல்பம் கேட்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும். மிச்சம் உள்ளவை அழியப் போவதில்லை, அடுத்ததற்கு இருக்கட்டும்.

நடுவில் ஒரு மெதுவான பாட்டு வரட்டும், அதைச் சத்தமாக்கச் சொல்லி எவர் கேட்டாலும் விடாதீர்கள். ஸ்பொட்டிஃபை எல்லாப் பாட்டையும் தானாகவே மைனஸ் 14 லஃப்ஸ் என்ற ஒரே சராசரிச் சத்த அளவுக்குக் கொண்டுவருகிறது. யூடியூப் சத்தம் கூடியதை இறக்கிவிடுகிறது. நசுக்கி ஏற்றி அனுப்பினாலும் அவர்கள் குறைத்துத்தான் போடுவார்கள், நசுங்கினது மட்டும் அப்படியே இருக்கும்.

நண்பர் விஷயம். அவர் 91 அல்பத்துக்காக எழும்பிப் போனார் என்று நான் நம்பவில்லை. இரண்டு வருடமாகத் தான் வாசிக்கிறது பாட்டுக்குத் தேவையில்லாத ஒன்று என்று நீங்கள் சொன்னதாக அவருக்குக் கேட்டிருக்கும். நீங்கள் மெட்டாலிக்காவைப் பற்றித்தான் கதைத்தீர்கள், எனக்கு விளங்குகிறது. அவருக்கு அப்படிக் கேட்டிருக்காது. போனில் மெசேஜ் போடவேண்டாம், வீட்டுக்குப் போங்கள். 91இல் நீ சொன்னது சரி, நால்வரும் ஒரே அறையில் இருந்து வாசித்திருக்கிறார்கள், எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்று சொல்லுங்கள். பிறகு, எந்த மூன்று பாட்டுக்குக் கட்டாயம் வயலின் வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்.

அந்த மூன்றையும் முதலில் வயலின் இல்லாமல், ஐந்து பேரும் ஒரே அறையில் இருந்து, தாளம் காட்டும் கிளிக் சத்தம்கூடப் போடாமல் ஒரே டேக்கில் பதியுங்கள். போன் பதிவு என்றாலும் காணும். அதைக் கேட்டுவிட்டு எங்கே இடம் காலியாக இருக்கிறது என்று அவர் காட்டட்டும். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் என் அறை சும்மாதான் கிடக்கிறது, வந்து வாசித்துப் பாருங்கள், அதற்குக் காசு வேண்டாம். டிரம்ஸ் என்னிடம் இருக்கிறது, ஆனால் ஸ்னேர் ஒவ்வொருவருக்கும் அவரவர் கைக்குப் பழகியதுதான் சரி. உங்கள் டிரம்ஸ்காரர் தன்னுடையதைக் கொண்டுவரட்டும். கடற்காற்றுக்கு ஸ்னேரின் அடியில் உள்ள கம்பி துருப்பிடித்திருக்கும், புறப்படுவதற்கு முன் ஒருக்காக் கழற்றித் துடைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.